‘பம்ப் லங்’ என்ற பழைய பயம்

எங்கள் தியேட்டரில் யாரும் சத்தமாகச் சொல்லாத சொல் ஒன்று இருந்தது. ‘பம்ப் லங்’. இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தாயிற்று, இதயமும் தானாகத் துடிக்கத் தொடங்கிவிட்டது, மெஷினையும் நிறுத்தியாயிற்று என்று எல்லோரும் நிமிர்ந்து நிற்கும் நேரத்தில், நோயாளியின் மூச்சுக் குழாயில் இளஞ்சிவப்பாக நுரை ஏறி வரும். மயக்க மருந்து டாக்டர் பையை அழுத்திப் பார்ப்பார். காற்று உள்ளே போகாது. பை கல் மாதிரி இறுகியிருக்கும். வெட்டியதும் தைத்ததும் இதயத்தில். நுரையீரலை ஒருவரும் தொடவில்லை. கெட்டுப்போனது என்னவோ நுரையீரல்.

1976 முதல் 33 ஆண்டுகள் ஹார்ட்-லங் மெஷினை ஓட்டிச் சம்பளம் வாங்கியவன் நான். இப்போது இதற்குப் பட்டப்படிப்பு உண்டு, பர்ஃப்யூஷனிஸ்ட் என்று கௌரவமான பெயரும் உண்டு. எங்கள் காலத்தில் பம்ப் டெக்னீஷியன், அவ்வளவுதான். வார்டு பையன்கள் ‘பம்ப்செட்காரர்’ என்பார்கள். பைபாஸ் செய்துகொண்ட நண்பர்கள் காலை நடையில் என்னிடம் கேட்பதெல்லாம் இதயத்தைப் பற்றித்தான்: எத்தனை அடைப்பு, எத்தனை கிராஃப்ட், எத்தனை வருஷம் தாங்கும். அந்தச் சில மணி நேரம் தங்கள் நுரையீரல் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த மட்டும் எழுதிவைக்கிறேன்.

மெஷின் செய்வது இதுதான். உடம்பைச் சுற்றிவிட்டுத் திரும்பும் கறுத்த ரத்தத்தை, அது இதயத்தைத் தாண்டிப் போகவிடாமல் குழாய் போட்டு வெளியே எடுத்துவிடுவோம். ஆக்சிஜனேட்டர் என்ற பாகத்தில் ஆக்சிஜனை ஏற்றி, கரியமில வாயுவைக் கழித்து, சிவந்த ரத்தத்தை அயோர்ட்டா என்ற பெரிய குழாயில் திருப்பி விடுவோம். இதயத்தை நிறுத்திவைத்து சர்ஜன் தன் வேலையைப் பார்ப்பார். சாதாரணமாக ஒருவருடைய நுரையீரல் வழியாக நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சிறுநீரகத்துக்கு ஒரு பங்கு, மூளைக்கு ஒரு பங்கு என்று மற்ற உறுப்புகளுக்குப் பிரித்துத்தான் போகிறது. நுரையீரலுக்கு மட்டும் மொத்தமும் போகிறது. பம்ப் முழு வேகத்துக்கு வந்ததும் இந்த ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். வென்டிலேட்டரையும் நிறுத்திவிடுவார்கள். இரண்டு நுரையீரலும் காற்றுப்போன பலூன் மாதிரி மார்புக்கூட்டின் அடியில் சுருங்கிக் கிடக்கும். ரிட்டயர்மென்ட் என்றுதான் நான் சொல்வேன், இரண்டு மூன்று மணி நேர ரிட்டயர்மென்ட்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மெஷினின் பூர்வீகமே ஒரு நுரையீரல் நோய்தான். 1930 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணி. பித்தப்பை அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும் நிலையில், ரத்தக்கட்டி ஒன்று நுரையீரல் தமனியில் போய் அடைத்துக்கொண்டது. ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டரை அவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ராத்திரி முழுவதும் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டிருந்தார். காலையில் நிலைமை கைமீறியதும் அவருடைய தலைமை சர்ஜன் சர்ச்சில் மார்பைத் திறந்து ஆறரை நிமிடத்தில் கட்டியை எடுத்தார். அம்மாள் பிழைக்கவில்லை. அந்தக் கறுத்த ரத்தத்தைக் கொஞ்சம் வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, அடைப்பைத் தாண்டி உள்ளே விட முடிந்திருந்தால் என்ற எண்ணம் கிப்பனுக்கு அந்த ராத்திரியில் வந்தது. பிறகு 23 வருஷம் அவரை விடவில்லை.

அவருக்குத் துணை அவர் மனைவி மேரி, லேபில் வேலை பார்த்தவர். சோதனைக்குப் பூனை வேண்டும், காசு கிடையாது. புருஷனும் பெண்சாதியும் ராத்திரியில் சாக்கும் மீனும் எடுத்துக்கொண்டு பாஸ்டன் தெருக்களில் பூனை பிடிக்கப் போவார்களாம். 1935இல் ஒரு பூனையின் நுரையீரல் தமனியை முழுதாக அடைத்து, மெஷினால் உயிரோடு வைத்துக் காட்டினார்கள். நடுவில் உலகப்போர் வந்தது, கிப்பன் ராணுவத்துக்குப் போனார். திரும்பி வந்து பிலடெல்பியாவில் ஐ.பி.எம். கம்பெனியின் உதவியோடு பெரிய மெஷின் கட்டினார். 1953 மே 6 அன்று, 18 வயதுப் பெண் ஒருத்தியின் இதய ஓட்டையை அதன் துணையால் அடைத்தார். 26 நிமிடம் அந்தப் பெண்ணின் இதயமும் நுரையீரலும் செய்யவேண்டிய வேலையை மெஷின் செய்தது. அவள் பிழைத்தாள். ஆனால் அவர் அந்த மெஷினை வைத்து அறுவை செய்த நான்கு பேரில் பிழைத்தது அவள் ஒருத்திதான். கிப்பன் மனம் உடைந்து அதை அத்தோடு விட்டுவிட்டார்.

மெஷினில் இதயம் சுலபம், அது வெறும் பம்ப். கஷ்டமெல்லாம் நுரையீரலில்தான். மனித நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றறைகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் அணு மட்டும் நுழையக்கூடிய மெல்லிய தந்துகிகள். அதற்கு ஈடாக கிப்பன் வைத்திருந்தது வரிசையாகத் தொங்கவிட்ட கம்பி வலைகள். அவற்றின் மேல் ரத்தம் மெல்லிய படலமாக வழிந்து இறங்கும். செயற்கையாக எதைச் செய்தாலும் ரத்தம் கெடுகிறது என்று பலருக்குத் தோன்றியது. அப்படியானால் உண்மையான நுரையீரலையே பயன்படுத்தினால் என்ன? கனடாவின் டொரான்டோவில் மஸ்டர்ட் என்ற சர்ஜன், குரங்கின் நுரையீரலைக் கழுவி, ஆக்சிஜன் நிரப்பிய ஜாடியில் தொங்கவிட்டு, குழந்தையின் ரத்தத்தை அதன் வழியே ஓட்டிப் பார்த்தார். குழந்தைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லிஹை இன்னும் துணிந்தார். குழந்தைக்கு அப்பாவின் நுரையீரல். 1954 மார்ச் 26 அன்று 13 மாதக் குழந்தை ஒன்றையும் அதன் தகப்பனையும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் படுக்கவைத்து, இருவர் ரத்த ஓட்டத்தையும் இணைத்தார். குழந்தையின் கறுத்த ரத்தம் தகப்பன் உடம்புக்குள் போகும், அவர் நுரையீரலில் சிவந்து, திரும்பிக் குழந்தைக்கு வரும். ஒரே ஆபரேஷனில் இரண்டு பேரும் சாகக்கூடும், இதில் ஆபத்து இருநூறு சதவீதம் என்று சக டாக்டர்களே சொன்னார்கள். இப்படி 45 பேருக்குச் செய்தார், 28 பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். நுரையீரல் தந்த பெற்றோர் ஒருவரும் சாகவில்லை. ஒரு தாய்க்கு மட்டும் மூளை பாதிக்கப்பட்டது. முதல் குழந்தையின் ஓட்டை நன்றாகத்தான் அடைபட்டிருந்தது. பதினோராம் நாள் நிமோனியாவில் போய்விட்டது. அங்கேயும் நுரையீரல்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1955இல் மேயோ கிளினிக்கில் கிர்க்லின், கிப்பனின் மெஷினைத் திருத்தி அமைத்து எட்டுப் பேருக்குச் செய்தார், நான்கு பேர் பிழைத்தார்கள். அதே வருஷம் லில்லிஹையிடம் இருந்த டிவால் என்ற இளம் டாக்டர் பிளாஸ்டிக் குழாயில் ரத்தத்தையும் ஆக்சிஜனையும் ஒன்றாக விட்டுக் குமிழியிடவைத்தார். மலிவு, யாரும் செய்துகொள்ளலாம். உலகம் முழுக்க இதய அறுவை பரவியது இந்தக் குமிழி ஆக்சிஜனேட்டரால்தான். நம் நாட்டில் 1960களின் தொடக்கத்தில் பம்பாயிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் ஆரம்பித்தார்கள். அறுவை பரவப் பரவ, பிணப் பரிசோதனை மேஜையில் ஒரே மாதிரி நுரையீரல்கள் வந்து சேர்ந்தன: ஈரல் மாதிரி கனத்து, கறுஞ்சிவப்பாக, உள்ளே ரத்தமும் நீரும் கோத்து. ‘பம்ப் லங்’ என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் இருக்கும். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஏழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்திருந்தார்கள். நீலக் குழந்தை, உதடு, நகம் எல்லாம் நாவல்பழ நிறம். நாலடி நடந்தால் குந்தி உட்கார்ந்துவிடுவான். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, உதடு சிவந்துவிட்டது, வெளியில் காத்திருந்தவர்களுக்குச் சர்ஜனே போய்ச் சொன்னார். அன்று ராத்திரி நுரை வர ஆரம்பித்தது. ஐ.சி.யூ. வாசலில் அவனுடைய ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “நெஞ்சைத்தானே வெட்டுனாங்க, ரத்தம்கூட சுத்தமா ஓடுதுன்னாங்களே, அப்புறம் ஏன் தம்பி மூச்சு முட்டுது?” மூன்றாம் நாள் விடியற்காலையில் பையன் போய்விட்டான்.

எங்கள் சர்ஜன் அடுத்த வாரம் காகிதத்தில் படம் போட்டு எனக்கு விளக்கினார். நுரையீரலுக்கு ரத்தம் வர இரண்டு வழி. ஒன்று, இதயத்திலிருந்து வரும் பெரிய வழி. இன்னொன்று, நுரையீரலின் சொந்தச் சாப்பாட்டுக்காக அயோர்ட்டாவிலிருந்து பிரியும் மெல்லிய மூச்சுக்குழல் தமனிகள். பம்ப் ஓடும்போது முதல் வழி மூடிவிடுகிறது. இரண்டாவது மூடுவதில்லை, நாமே அயோர்ட்டாவுக்குள் ரத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறோமே. நீலக் குழந்தைகளுக்குப் பெரிய வழி பிறவியிலேயே குறுகல் என்பதால், உடம்பு இந்தச் சின்ன வழிகளைப் பெரிதாக வளர்த்துவைத்திருக்கும். அந்த ரத்தமெல்லாம் நுரையீரலைக் கடந்து இதயத்தின் இடது பக்கத்துக்கு வரும். இதயமோ நின்றிருக்கிறது, வெளியே தள்ள ஆள் இல்லை. வென்ட் என்ற உறிஞ்சு குழாய் போட்டு எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். வருகிற வேகத்துக்கு எடுக்க முடியாவிட்டால், அணை நிரம்பி வாய்க்கால் பின்னோக்கிப் பொங்குகிற மாதிரி அழுத்தம் நுரையீரலுக்குத் திரும்பும். மெல்லிய தந்துகிகள் தாங்காது, நீரும் ரத்தமும் காற்றறைக்குள் கசியும். 1950களின் கடைசியிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வென்ட் அப்படித்தான் வழக்கத்துக்கு வந்தது. கண்டுபிடித்தது வேறு, எல்லாப் பையன்களுக்கும் அது போதுமானதாக இருந்தது என்பது வேறு.

இரண்டாவது குற்றவாளி, பிறத்தியார் ரத்தம். பழைய மெஷினை நிரப்பவே பல பாட்டில் ரத்தம் வேண்டும். காலையில் உறவுக்காரர்களை வரிசையில் நிற்கவைத்து எடுப்போம். பல பேருடைய ரத்தம் ஓர் உடம்பில் கலக்கும்போது நுரையீரல் முரண்டு பிடித்தது. ஒக்லஹோமா நகரில் நசி ஜூதி என்ற சர்ஜன் 1960இல் ரத்தத்துக்குப் பதிலாகச் சர்க்கரைத் தண்ணீரை, அதாவது டெக்ஸ்ட்ரோஸை, ஊற்றி மெஷினை நிரப்பினார். ரத்தம் நீர்த்துப்போனால் மனிதன் பிழைப்பானா என்று எல்லோரும் பயந்தார்கள். பிழைத்தது மட்டுமில்லை, நன்றாகவே தேறினார்கள். நான் சேர்ந்தபோது ஸலைனால் நிரப்புவது எங்களுக்கும் வழக்கமாகிவிட்டது. என்னைக் கேட்டால் இதய அறுவையில் இவ்வளவு மலிவான பெரிய முன்னேற்றம் வேறு இல்லை.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆஸ்பத்திரியில் ட்ரூ என்பவர் 1959இல் வேறொரு வழி சொன்னார். இரண்டு பம்ப் வைத்துக்கொள்வோம், ஆக்சிஜனேட்டரே வேண்டாம். நோயாளியின் சொந்த நுரையீரல் வழியாகவே ரத்தத்தை ஓட்டிக் குளிர்விப்போம் என்றார். உடம்பு 15 டிகிரிக்கு இறங்கியதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதயத்தைத் தைக்கலாம். நுரையீரலை வேலையில் வைத்திருந்த அழகான யோசனைதான். குழாய்கள் அதிகம், நேரமும் அதிகம், பரவவில்லை.

எல்லாம் சரிசெய்த பிறகும் சில பேருக்கு ஏன் நுரையீரல் கெடுகிறது என்பது கடைசிவரை புதிராக இருந்தது. அதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது: டயாலிசிஸ். சிறுநீரக நோயாளிகளை மெஷினில் போட்ட சில நிமிடங்களில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சட்டென்று குறைந்து, ஒரு மணி நேரம் போனால் திரும்ப ஏறிவிடும். எங்கே போய் ஒளிகின்றன? 1977இல் மினசோட்டா ஆட்கள் கண்டுபிடித்தார்கள்: நுரையீரலில். ரத்தம் அந்நியமான ஒரு பரப்பைத் தொட்டதும் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் விழித்துக்கொள்கிறது. எதிரி வந்துவிட்டான் என்று வெள்ளை அணுக்களை உசுப்பிவிடுகிறது. உசுப்பப்பட்ட அணு விறைத்து, ஒட்டும் தன்மை பெற்று, முதலில் கண்ணில் படும் மெல்லிய தந்துகி வலையில், அதாவது நுரையீரலில், மாட்டிக்கொள்கிறது. அங்கே உட்கார்ந்து, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் ரசாயனங்களைக் கக்குகிறது. டயாலிசிஸ் மெஷினே இப்படிச் செய்தால், அதைவிடப் பெரிய ஹார்ட்-லங் மெஷின்? 1981இல் அலபாமாவில், அதே கிர்க்லினின் குழுவும் மற்றவர்களும் அளந்து பார்த்தார்கள். பம்ப் ஓடும் நேரம் நீள நீளக் காம்ப்ளிமென்ட் ஏறுகிறது. அடுத்து வந்த ஆய்வில், அது அதிகம் ஏறியவர்களுக்கே நுரையீரல் உட்பட உறுப்புகள் அதிகம் தகராறு செய்தன.

அந்தக் கட்டுரையின் ஜெராக்ஸ் எங்களுக்கு வந்தபோது, ஆறு வருஷமாக நான் கையால் மாட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குழாய்களைப் புதிதாகப் பார்த்தேன். ரத்தத்துக்கு அது குழாய் இல்லை, படையெடுப்பு.

குமிழி ஆக்சிஜனேட்டரில் ரத்தமும் வாயுவும் நேருக்கு நேர் மோதும். கண்ணாடி போன்ற கூட்டுக்குள் சோப்பு நுரை மாதிரி பொங்கும். அணுக்கள் உடையும், நுண்குமிழிகள் தப்பித்துப் போகும். பிறகு மெம்பிரேன் ஆக்சிஜனேட்டர் வந்தது. அதில் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைக்குழல்கள். உள்ளே வாயு, வெளியே ரத்தம், நடுவில் சுவர். ஏறக்குறைய காற்றறையின் அமைப்பு. எண்பதுகளின் கடைசியில் எங்களிடம் ஒன்றிரண்டு வந்தன, விலை கேட்டால் தலை சுற்றும். தொண்ணூறுகளில் அதுவே வழக்கமாயிற்று. வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு ஊசியை மெஷினுக்குள் போடுவதையும் பல வருஷம் செய்தோம். 2015இல் 7507 பேரை வைத்து வெளிவந்த பெரிய ஆய்வில் அதனால் உயிர்கள் கூடுதலாகக் காப்பாற்றப்படவில்லை என்று தெரிந்தது. பம்ப் ஓடும்போதே நுரையீரலுக்குக் கொஞ்சம் கொஞ்சம் காற்று ஊதிக்கொண்டிருப்பதும் அப்படித்தான், எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை.

பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் 1975இல் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செய்த பிறகு, எங்கள் மேஜையில் குழந்தைகள் குறைந்து பெரியவர்கள் கூடினார்கள். பீடி, சிகரெட், சர்க்கரை நோய், தொந்தி. ‘பம்ப் லங்’கின் பழைய கோரம் போய், சின்ன வடிவங்கள் நின்றன. பைபாஸ் செய்துகொண்டவர்களில் பலருக்கு எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கித் தெரியும். மார்பின் உள்தமனியை எடுக்கும்போது அந்தப் பக்கம் நசுங்குவது ஒரு காரணம். இதயத்தைச் சுற்றி ஐஸ் போட்டுக் குளிர்வித்த காலத்தில், பக்கத்தில் ஓடும் உதரவிதான நரம்பு விறைத்துப்போய், இடது பக்கம் சில வாரம் அசையாமல் கிடப்பதும் உண்டு.

மெஷினே இல்லாமல், துடிக்கும் இதயத்திலேயே பைபாஸ் செய்யும் முறை வந்ததும் எங்கள் பிழைப்பு போயிற்று என்றே நினைத்தேன். நம் நாட்டில் பல ஆஸ்பத்திரிகளில் இன்று அதுதான் வழக்கம். 19 நாடுகளில் 4752 நோயாளிகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வில், பம்ப் வைத்துச் செய்தவர்களில் 7.5 சதவீதத்துக்கும், பம்ப் இல்லாமல் செய்தவர்களில் 5.9 சதவீதத்துக்கும் மூச்சுச் சிக்கல் வந்தது. வித்தியாசம் உண்டு, ஆனால் நாங்கள் பயந்த அளவு இல்லை. மார்பைப் பிளப்பதும் மயக்கமும் வலியும் இரண்டிலும் ஒன்றுதானே. கடுமையான நுரையீரல் சேதம் இன்று நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவாகவே வருகிறது.

மெம்பிரேன் வந்ததால் இன்னொன்று நடந்தது. ரத்தம் கெடுவது குறைந்ததும், மெஷினை மணிக்கணக்கில் இல்லாமல் நாள்கணக்கில் ஓட்டலாம் என்றாயிற்று. 1971இல் கலிபோர்னியாவில் ஹில் என்ற டாக்டர், விபத்தில் அடிபட்டு நுரையீரல் செயலிழந்த 24 வயது இளைஞரை மூன்று நாள் மெஷினில் வைத்துக் காப்பாற்றினார். 1975இல் ராபர்ட் பார்ட்லெட் ஒரு பச்சைக் குழந்தையைக் காப்பாற்றினார். இதுதான் எக்மோ. ஜெயலலிதா அம்மையாருக்கு 2016இலும், எஸ்.பி.பி.க்கு 2020இலும் வைத்தபோது தமிழ்நாட்டில் டீக்கடை வரைக்கும் தெரிந்த சொல். நுரையீரலைக் கெடுக்கிறது என்று பெயர் வாங்கிய மெஷினின் பேரப்பிள்ளை, நுரையீரல் கெட்டவர்களுக்கான கடைசிப் புகலாகிவிட்டது.

அந்த பார்ட்லெட் செய்த இன்னொரு காரியம் உங்களில் பலர் வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். ஆபரேஷன் ஆனவர்களுக்கு நுரையீரலின் அடிப்பாகம் ஏன் சுருங்குகிறது என்று யோசித்தவர், ஆரோக்கியமான மனிதன் அடிக்கடி கொட்டாவி விடுகிறான், பெருமூச்சு விடுகிறான், வலியில் இருப்பவன் விடுவதில்லை என்று கவனித்தார். 1970இல் கொட்டாவியைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். நோயாளியைக் கொட்டாவி போல ஆழமாக மூச்சிழுக்கவைக்க ஒரு கருவி வேண்டும், இழுத்த அளவு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றார். அந்த வழியில் வந்ததுதான் வார்டில் ஆளுக்கு ஒன்று கொடுக்கும் மூன்று பந்துக் கருவி. பந்து ஏறுவது காற்றை உள்ளே இழுப்பதால். எங்கள் வார்டில் பாதிப் பேர், சிஸ்டர் நகர்ந்ததும், அடுப்பு ஊதுகிற மாதிரி அதை ஊதிக்கொண்டிருப்பார்கள்.